ஏலத்தில் எடுத்த ஜீப்

எலியேசர் சார் வண்டி பார்க்கத் தொடங்கி ஒரு வருஷம் ஆகிவிட்டது. பெண் பார்க்கப் போகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. போகிற வீட்டிலெல்லாம் காப்பியைக் குடித்துவிட்டு, இந்தப் பெண்ணுக்குப் பல் எடுப்பு, அந்தப் பெண்ணுக்கு நடை சரியில்லை என்று சொல்லித் திரும்புவார்கள். துருவிக் கேட்டால் கல்யாணத்திலேயே அவர்களுக்கு மனசு இருக்காது. சாரும் அந்த ரகமோ என்று யூனிஸ் டீச்சருக்கு ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஒரு குடை வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிற மனுஷரோடு முப்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இந்தத் தாமதம் புதிதாகப் படவில்லை.

முதலில் பார்த்தது மூன்று சக்கரச் சரக்கு ஆட்டோ. முன்னால் ஒற்றைச் சக்கரம், தேரி மணலில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றுவிடும் என்றார். அதில் நியாயம் இருந்தது. அடுத்தது டிரெய்லர் மாட்டிய பவர் டில்லர். மணலில் போகும், உரம் ஏற்றலாம், தண்ணீர் டிரம் வைக்கலாம், ஆனால் அது குலுக்குகிற குலுக்கலில் டீச்சரின் இடுப்பு மறுபடியும் விட்டுப்போகும் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. டிராக்டரில் அவளால் ஏற முடியாது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஜீப் மாதிரியான ஒரு பழைய டிரெக்கர் வண்டியை அரை நாள் சுற்றிச் சுற்றி வந்து, ஆற்றுப் பாலத்தில் ஓட்டியும் பார்த்துவிட்டு, வயிறு தரையில் இடிக்கும் என்று விட்டுவிட்டார். நாகர்கோவிலில் எஸ்டேட் ஜீப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு இரண்டு பஸ் மாறிப் போனார். அடித்தகடு துரு என்று அதே இரண்டு பஸ் மாறித் திரும்பி வந்தார். பம்பாயில் வேலை பார்க்கும் மகன் ஹெப்ரான் வண்டிக்கென்று அனுப்பிய பணம் பாங்கில் தூங்கிக்கொண்டிருந்தது.

இத்தனை பாடும் ஏழு ஏக்கர் விளைக்காக. அந்தப் பக்கத்தில் தோப்புக்கு விளை என்று பேர். திசையன்விளைக்குப் பக்கத்தில் ஆரோன்புரம் அவர்கள் ஊர். ஊரிலிருந்து இரண்டு மைல் தார் ரோடு, அது முடிகிற இடத்திலிருந்து ஒரு மைல் செம்மணல் தேரி. கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். வெயில் ஏறிவிட்டால் செருப்பையும் தாண்டிச் சுடும். அந்த மணல்மேட்டின் கீழ்ச்சரிவில், கல்யாணம் ஆன மறுவருஷம், பள்ளிக்கூட வளவு முருங்கையில் போத்துக் கிளை வெட்டித் தலையில் சுமந்து போய்த் தன் கையால் ஊன்றியவள் டீச்சர். பட்டுப்போன மரத்துக்குப் பதில் மரம் வைத்து வைத்து, நூற்றைம்பது முருங்கையும் முந்திரி காய்க்கிற இருபது கொல்லாமரமும் ஓரம் நெடுகப் பனையுமாக ஆக்கி வைத்திருந்தாள். கிணற்றடியில் ஒரு மரம் உண்டு. அதன் காய் மட்டும் நுனி சிவந்திருக்கும். எந்தக் காயோடு கலந்து குழம்பு வைத்தாலும் நம்ம விளைக் காய் ருசியிலேயே தெரிந்துவிடும் என்று வருகிற போகிற பேரிடமெல்லாம் சொல்லுவாள்.

போன வருஷம் வைகாசியில் துவைக்கிற கல்லடியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு. பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் நாற்பது நாள். அந்த நாற்பது நாளும் எலியேசர் சார் அவள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடந்தார். பெட்பேன் வைத்தது, தலை வாரி விட்டது, ராத்திரி இருமினால் எழுந்து உட்கார்ந்தது எல்லாம் அவர்தான். ஊருக்குத் திரும்பிய பிறகு கம்பை ஊன்றி வீட்டுக்குள்ளும் கோவில் வாசல் வரைக்கும் நடக்க முடிந்தது. மணலில் முடியாது. விளையைக் காவல் பார்க்கிற ஞானையாவிடம் முன்பு ஒரு மாட்டு வண்டி இருந்தது. அவன் மாட்டை விற்று வருஷம் இரண்டாகிறது. கட்டிலில் வைத்து நாலு பேர் தூக்கிப் போகலாமே என்று அக்கம்பக்கத்தில் யோசனை சொன்னார்கள்.

"கட்டில்ல தூக்கிட்டுப் போவதுக்கு நான் என்ன பொணமா? அது கடைசி யாத்திரைக்கு இருக்கட்டும். வண்டி வாங்குங்க. உயிரோட ஒக்காந்து போவுதேன்" என்று அவள் சொன்ன அன்று தொடங்கியதுதான் இந்த வண்டி பார்க்கிற வேலை.

வண்டி வந்தால் என்னென்ன செய்யலாம் என்று பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் டீச்சர் எழுதியே வைத்திருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் காய் ஏற்றித் திசையன்விளை சந்தைக்குப் போகலாம். தலைச்சுமைக்கு இப்போது ஆள் கிடையாது. நிழலில் உட்கார்ந்து பீடி சுற்றினாலே கூலி வரும்போது எந்தப் பொம்பளை வெயிலில் சுமப்பாள்? ஆனிக் காற்று மணலை வாருவதற்கு முன்னால், வைகாசியில் வேலிக்குப் பனைமட்டை ஏற்றலாம். சனிக்கிழமை சாயங்காலம் உவரிக் கடற்கரைக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு, கரையேறும் மீனில் கொஞ்சம் வாங்கி வரலாம். பாட்டிலில் காப்பி, டப்பாவில் முறுக்கு என்பது வரை எழுதியிருந்தாள். இதையெல்லாம் எலியேசர் சார் வாசித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நல்ல யோசனைதான் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

செவ்வாயும் வெள்ளியும் அவர் சைக்கிளில் விளைக்குப் போவார். மத்தியானம் வேர்த்து விறுவிறுத்து ஒரு கட்டு முருங்கைக்காயோடு வருவார். டீச்சர் ஒவ்வொரு மரமாக விசாரிப்பாள். தெற்கு வரிசையில் கம்பளிப்பூச்சி வந்ததா, கிணற்றில் தண்ணீர் எந்தப் படி வரை நிற்கிறது என்று கேட்பாள். அவர் கை கழுவிக்கொண்டே பதில் சொல்லுவார். ஒருநாள் கட்டை அவிழ்க்கும்போது அவள் கை நின்றது.

"ஞானையா பனைநாருலல்லா கட்டுவான். இது என்ன, வாழைநாரா இருக்கு?"

ஞானையாவுக்கு இப்போது பனையேற முடியவில்லை, ஆழ்வார்திருநகரிப் பக்கத்தில் ஆற்றங்கரை வாழைத்தோட்டத்திலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த நார் என்றார் சார். கிணற்றடி மரத்துக் காய் ஒன்றுகூட வரவில்லையே என்றதற்கு, இந்த வருஷம் காற்றில் பூ நிற்கவில்லை என்றார். அவளும் சரியென்று நம்பி, சாளைக் கருவாடு போட்டுக் குழம்பு வைத்தாள். நம்ம விளைக் காய்க்கு ஈடு கிடையாது என்று சொல்லிச் சாப்பிட்டாள். அவர் தலை குனிந்து சாப்பிட்டார்.

ஐப்பசி கடைசி ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் கோவில் வளவில் ஓலைப் பந்தலுக்குக் கீழே ஏலம் நடக்கும். நேர்ந்துகொண்ட கோழி, முதல் குலைத் தேங்காய், ஒரு முட்டை, ஆட்டுக்கிடா எல்லாம் ஏலத்துக்கு வரும். அந்த ஏலத்துக்கு என்று சில மரியாதைகள் உண்டு. விலை கூடிவிட்டது என்று முனகக் கூடாது. கேட்ட வாய் பின்வாங்கக் கூடாது. சாமானைப் புரட்டிப் பார்க்கவும் கூடாது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறது அசிங்கம் என்றால், ஆண்டவருக்குக் கொடுத்த மாட்டின் வாயைத் திறப்பது அதைவிட அசிங்கம். கூமுட்டையை நூறு ரூபாய்க்கு எடுத்துவிட்டு ஸ்தோத்திரம் சொல்லி வீட்டுக்குப் போனவர்கள் அந்த ஊரில் உண்டு.

அந்த வருஷம் ஆட்டுக்கிடாவுக்கு அடுத்தபடியாக, சுற்றுவட்டாரக் கோவில்கள் சேர்ந்த சேகரத்தின் ஜீப் வந்தது. போதகர் கிராமம் கிராமமாகப் போய்வந்த பழைய பச்சை ஜீப். புது வண்டி வந்துவிட்டதால் இதை ஏலத்தில் விட்டுவிடலாம் என்று கமிட்டியில் தீர்மானம். கோவிலில் மணி அடிக்கிறவர் சாவியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். இரண்டு மூன்று பேர் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். ஆண்கள் பக்கம் எலியேசர் சார் ஓலைத் தடுக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதற்கும் ஏதாவது ஒரு குற்றம் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று டீச்சருக்குப் பட்டது. அவளுக்கு அலுத்துவிட்டது. இடுப்பு வலியைவிட இந்தக் காத்திருப்புதான் அவளை உட்கார்த்தி வைத்திருக்கிறது என்று தோன்றியது. பெண்கள் பக்கத்திலிருந்து கம்பை ஊன்றி எழுந்தாள்.

"முப்பத்தையாயிரம்" என்றாள்.

ஹெப்ரான் அனுப்பிய பணம் மொத்தமும் அவ்வளவுதான். பந்தலில் பேச்சு நின்றுபோயிற்று. ஒரு பொம்பளை ஏலம் கேட்டுவிட்டாள் என்று வாயடைத்துப் போனார்கள் என அவள் நினைத்தாள். யாரும் மேலே கேட்கவில்லை. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் சொல்லிச் சாவியை அவள் கையில் கொடுத்தபோது மணி அடிக்கிறவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் திசையன்விளையிலிருந்து மெக்கானிக் நூர்முகம்மது வந்தார். ஒன்பது வருஷம் மஸ்கட்டில் வண்டி ஓட்டிவிட்டு வந்து இங்கே பட்டறை போட்டவர். ஜீப்புக்குக் கீழே சாக்கை விரித்துப் படுத்து, கொஞ்ச நேரம் எதையெதையோ தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"சார்வாள், முன்சக்கரத்துக்குப் போற ராடைக் கழத்தி வருசம் எத்தனையோ ஆச்சு. பின்சக்கரம் மட்டுந்தான் தள்ளும். ஏலத்துக்கு முன்ன ஒருவாட்டி குனிஞ்சு பாத்திருக்கலாம்லா?"

"கோயில் சாமானை எப்படிவே குனிஞ்சு பாக்கது?" என்றார் எலியேசர் சார். "அப்போ தேரிக்குள்ள போவாது. அப்படித்தான?"

சொல்லும்போது அவர் குரலில் ஒரு ஆசுவாசம் இருந்தது. டீச்சர் அதைக் கவனித்தாள். பணம் போனதற்கு வருத்தப்பட வேண்டிய மனுஷர், இறக்கி வைக்கச் சுமைதாங்கி கிடைத்தவர் மாதிரி நிற்கிறாரே என்று நினைத்தாள். அது ஏன் என்று மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.

நூர்முகம்மது சிரித்தார். "போவாதுன்னு யாரு சொன்னா? அங்க பாலைவனத்துல எத்தனை வண்டி ஓட்டிருக்கேன். சக்கரத்துல காத்தப் பாதி எறக்கிட்டா மணலு மேல படுத்துக்கிட்டு பைய போயிரும். ஒரு மழை பெய்யட்டும் டீச்சர். மணலு இறுகுன மறுநா காலையில நானே ஓட்டிட்டு வாறேன்."

கார்த்திகை பிறந்த நாலாம் நாள் நல்ல மழை. மறுநாள் காலையில் டீச்சர் புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் கட்டி வைத்துவிட்டு, கோவிலுக்குப் போகிற வெள்ளைச் சேலையை உடுத்துக்கொண்டு வாசலில் கம்போடு நின்றாள். எலியேசர் சார் உடம்பு காந்துகிற மாதிரி இருக்கிறது என்றார். அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. சளி பிடிக்கும் என்றார். வானம் கழுவி விட்ட மாதிரிக் கிடந்தது. நூர்முகம்மது ஒரு ஸ்டூலைப் போட்டு, டீச்சரை முன்சீட்டில் பக்குவமாக ஏற்றினார். சார் பின்னால் ஏறிக்கொண்டார்.

தார் ரோடு முடிகிற இடத்தில் ஞானையா குடிசை. சத்தம் கேட்டு வெளியே வந்தவன் தலைத்துண்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். டீச்சரம்மா வருகிறதாகச் சொல்லவே இல்லையே என்று சாரைப் பார்த்துக் கேட்டான். சார் வேறு பக்கம் பார்த்தார். நூர்முகம்மது சக்கரம் சக்கரமாகக் குந்தி உட்கார்ந்து காற்றை இறக்கினார். உஸ்ஸென்று காற்று போகிற சத்தத்துக்கு நடுவே பின்சீட்டிலிருந்து சார் சொன்னார்.

"யூனிஸ், திரும்பிருவோம்."

"எதுக்கு?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். ஞானையா பின்னால் தொற்றிக்கொள்ள, ஜீப் நகர்ந்தது. ஈரம் பட்ட மணல் கருஞ்சிவப்பாகக் கிடந்தது. வண்டி திணறியது, வழுக்கியது, ஓரிடத்தில் நின்றே விட்டது. ஞானையா ஓலை வெட்டிச் சக்கரத்துக்குக் கீழே போட்டான். மறுபடி ஊர்ந்தது. டீச்சர் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, எப்போது முருங்கை வரிசை தெரியும் என்று பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு மேட்டில் ஏறி வண்டி நின்றது. தூரத்தில், இதுவரை விளைக்குப் போகிற வழியில் அவள் எங்கேயும் பார்த்திராத உவரிக் கடல், ஒரு நீலக் கோடாகத் தெரிந்தது.

வழி தப்பி வந்துவிட்டோமோ என்று நினைத்து, விளை இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டாள்.

"இதான் டீச்சரம்மா" என்றான் ஞானையா. "நீங்க நிக்கியது கெணத்துக்கு மேல."

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு கண் பழகப் பழக ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மணலுக்கு மேல் விரலைப் போல நீட்டிக்கொண்டிருந்த சுள்ளிகள் கொல்லாமரங்களின் உச்சி. வரிசையாகத் தலை மட்டும் வெளியே வைத்திருந்தவை இளம்பனை வடலிகள். பெரிய பனைகள் பாதிக்குப் பாதி குட்டையாகி நின்றன. முருங்கை வரிசை நாலும் இருந்த இடத்தில் வழுவழுவென்று சிவப்பு மணல்.

ஞானையாதான் சொன்னான். "போன வருசம் வைகாசியில மேக்க மட்டை வேலி கட்டலை டீச்சரம்மா. ஆனிக் காத்துல மணலு எறங்கிட்டு. இந்த வருசம் சார்வாளும் நானும் கட்டத்தான் செஞ்சோம். ஆடியில வேலியையும் சேத்து முழுங்கிட்டு."

போன வருஷம் வைகாசி. டீச்சர் அந்த மாதத்தை நினைத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலும், அதன் கீழே விரித்த பாயும், அதில் முழங்காலை மடக்கிக் கிடந்த மனுஷருமாக அது நினைவில் வந்தது. பந்தலில் பேச்சு நின்றது எதனால் என்று இப்போது விளங்கியது. ஊருக்கே தெரிந்திருக்கிறது. கோபம்தான் முதலில் வந்தது. மூக்கு நுனி வரை வந்தது.

"ஒண்ணரை வருசமா சந்தைக் காயைத் தந்து என்னை ஏமாத்திட்டீங்க. நானும் கூறுகெட்டவ மாதிரி நம்ம விளைக் காய், நம்ம விளைக் காய்னு தின்னுக்கிட்டு இருந்திருக்கேன்."

எலியேசர் சார் இறங்கி மணலில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

"செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமை சொல்லிரணும்னுதான் வருவேன். சொன்னா வேலி ஏன் கட்டலைன்னு அடுத்தாப்புல கேப்பே. அதுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

அவர் சொல்லாமல் விட்டது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நீ விழுந்தாய், அதனால்தான் என்கிற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதற்காக இந்த மனுஷர் வெயிலில் சந்தைக்கும் வீட்டுக்கும் சைக்கிள் மிதித்திருக்கிறார். நாகர்கோவிலுக்கும் வண்ணார்பேட்டைக்கும் போய் நல்ல நல்ல வண்டிக்கெல்லாம் குற்றம் கண்டுபிடித்துத் திரும்பியிருக்கிறார். அவளுக்கு நெஞ்சு வலித்தது. விளைக்காக வலிக்கிறதா, இவருக்காக வலிக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அழுகை வந்தது, அழுதாள். நூர்முகம்மது சற்றுத் தள்ளிப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அழுது ஓய்ந்து முகத்தைத் துடைத்தபோதுதான் அதைப் பார்த்தாள். வண்டிக்கு இடது பக்கம், பத்தடிக்குள், மணலிலிருந்து நேரே முளைத்த புதர் போல ஒரு பச்சை. சின்னச் சின்ன இலை. வெள்ளைப் பூ.

"ஞானையா, அது கிணத்தடி மரமா?"

ஆமாம், அது ஒன்றுதான் தப்பித்தது, மணல் ஏற ஏற அதுவும் மேலே ஏறிக்கொண்டே வந்துவிட்டது, ஆடிக்குப் பிறகு சார் இந்தப் பக்கம் வரவில்லை, அதற்கப்புறம்தான் காய் பிடித்தது என்றான் அவன். அந்த மரத்தில் காய் பறிக்க முன்பெல்லாம் இரண்டு ஆள் உயரத் தொரட்டி வேண்டும். நூர்முகம்மது வந்து ஜீப்பைப் பைய நகர்த்தி மரத்தோடு ஒட்டினார். டீச்சர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டினாள். கிளை கைக்கு வந்தது. நுனி சிவந்த காய் ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று, இலைக்குள்ளே வளைந்து ஒன்று. எட்டுகிற வரை ஒடித்தாள். ஞானையா ஒரு பனைமட்டையைக் கீறி நார் உரித்துக் கட்டிக் கொடுத்தான். அதை எலியேசர் சாரின் கையில் வைத்தாள்.

"இனிச் சந்தைக்குப் போவாண்டாம்" என்றாள்.

அவர் கட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கொண்டுவந்த புளிச்சோற்றை நாலு பேரும் வண்டிக்குள்ளேயும் வண்டி நிழலிலுமாக உட்கார்ந்து தின்றார்கள். தின்றுகொண்டிருக்கும்போதே, இந்த ஒரு மரத்தைச் சுற்றி வேலி கட்ட எத்தனை மட்டை வேண்டும் என்று ஞானையாவிடம் கேட்டாள். ஒரு மரத்துக்கா என்று அவன் கையில் சோற்றோடு யோசித்தான்.

"ஒரு வண்டி மட்டை போதும் டீச்சரம்மா. ஆனா அதுக்கும் ஆடிக்காத்து வழி விடணும்."

"வண்டி இருக்குல்லா" என்றாள் அவள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அந்தக் காயைச் சாளைக் கருவாடு போட்டுக் குழம்பு வைத்தாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு கிணற்றடி மரத்துக் காய். எலியேசர் சார் தட்டில் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, அவள் முதல் துண்டைக் கடிக்கிற வரை காத்திருந்தார். அவள் கடித்து, சப்பி, சக்கையைத் தட்டோரம் வைத்தாள். இன்னொரு துண்டு எடுத்தாள். நாக்கில் எவ்வளவு தேடியும், போன வெள்ளிக்கிழமை தின்ற சந்தைக் காய்க்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அதெப்படி, தெரியாமலா இருக்கும்? நம்ம விளைக் காய்க்கு ருசியே வேறல்லா" என்று சொல்லிவிட்டு, அவர் தட்டில் இன்னும் ரெண்டு துண்டு எடுத்து வைத்தாள்.